கோவை மாடித்தோட்ட ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். விதைப் பகிர்வும் தென்னை நார்க்கழிவின் கூட்டுக் கொள்முதலும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. அவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல ஏதுமில்லை. ஆண்டின் பெரும்பகுதி பூச்சிகளோடுதான் கழிந்தது என்பதால், அறிக்கையும் அவற்றைப் பற்றியதாகவே அமைகிறது.

மே மாதக் கூட்டத்திற்கு உறுப்பினர் ஒருவர் செம்பருத்திக் கிளை ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கணுவெங்கும் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்த நான், மாவுப்பூச்சி முற்றிவிட்டது, செடியை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த மூத்த உறுப்பினரான அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "இருங்க தம்பி, இது ஓடுதுங்க, மாவுப்பூச்சி எங்கயாச்சும் இந்த ஓட்டம் ஓடுமா?" என்றார். ஓடியது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. அது தன் இரையான மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டிருக்கும். ஆனால் இழைகள் நீளமாகவும் உடல் பெரிதாகவும் இருக்கும், தொட்டால் விறுவிறுவென்று நகரும். 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வண்டை, மாவுப்பூச்சி என்று எண்ணி நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் சோப்புக் கரைசலால் கொன்றுவந்திருக்கிறோம் என்பது அன்றுதான் விளங்கியது. நானும் அந்தப் பலரில் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன்பின், எந்தப் பூச்சியையும் அடையாளம் கண்ட பிறகே எதையும் தெளிப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. சங்கச் செலவில் கைலென்சுகள் வாங்கப்பட்டு, உறுப்பினர்களுக்குச் சுழற்சி முறையில் வழங்கப்பட்டு வருகின்றன. இயற்கை விவசாயிகளிடையே வழங்கும் 'சைவப் பூச்சி, அசைவப் பூச்சி' என்ற பாகுபாடு புதிய உறுப்பினர்களுக்கு எளிதில் பிடிபட்டது: இலையைத் தின்பதும் சாற்றை உறிஞ்சுவதும் சைவம், அந்தச் சைவத்தைத் தின்பது அசைவம்.

இப்பாகுபாட்டிலும் நம்மைத் திணறவைத்தது கத்தரிச் செடியே. பொறிவண்டு நல்லது என்று கேட்டுப் பழகிய உறுப்பினர்கள், புள்ளி உள்ள வண்டையெல்லாம் விட்டுவைத்ததில், எபிலாக்னா வண்டு இலைகளின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்புகளை மட்டும் சல்லடையாக விட்டுச்சென்றது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய முடி படர்ந்திருப்பதால் மங்கலாகத் தெரியும், புள்ளிகளும் மிகுதியாக இருக்கும். புழுக்களை வேறுபடுத்துவது இன்னும் எளிது. நன்மை செய்யும் புழு கருஞ்சாம்பல் நிறத்தில் குட்டி முதலையைப் போல நீண்டு, சுறுசுறுப்பாக இருக்கும். எபிலாக்னாவின் புழு மஞ்சள் நிறத்தில், உடலெங்கும் முட்களோடு இலையின் அடியில் மந்தமாக ஒட்டிக்கிடக்கும். முட்டைகள்தான் சிக்கல், இரண்டுமே மஞ்சளாக, குவியலாக, நிமிர்ந்து நிற்பவை. அருகில் அசுவினிக் கூட்டம் இருந்தால் முட்டையை விட்டுவைப்பது, இல்லாமல் இலை சுரண்டப்பட்டிருந்தால் அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுவது என்று நாமே ஒரு வழக்கம் வகுத்துக்கொண்டோம்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் ஒழியாத வீடுகளில் உண்மையான தடை எறும்பு என்பது ஆண்டின் நடுவில் தெரியவந்தது. அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காத்து, நெருங்கும் பொறிவண்டை விரட்டுகிறது. தொட்டி வைத்த மேசைக் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, எறும்பு ஏறும் வழியை அடைத்த வீடுகளில், வேறெதுவும் தெளிக்காமலேயே சில வாரங்களில் தொல்லை தணிந்தது.

பப்பாளி வளர்ப்போருக்கு ஒரு நினைவூட்டல். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் நம் கோவையில்தான் நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மருந்துகளால் அடங்காத அப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. பூச்சியின் உடல் பழுப்பேறி உப்பிக் கிடந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். அந்த இலையைப் பறிக்கவோ அதன்மேல் தெளிக்கவோ வேண்டாம்.

தெளிப்பைப் பொறுத்தவரை வேம்பே நம் முதன்மைக் கருவியாக இருந்தது. பழக் காலத்தில் சேகரித்து நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, 5 விழுக்காட்டுக் கரைசலாகப் பயன்படுத்தினோம். வெயிலில் அதன் வீரியம் குறையும் என்பதாலும், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு தெளிப்பதே முறை என்பதாலும், மாலையில் மட்டும், பூச்சி உள்ள கிளையில் மட்டும் தெளிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. தெளித்த மறுநாளும் புழு உயிரோடிருக்கிறதே என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. வேம்பு உடனே கொல்வதில்லை, தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கிறது. ஆகவே சில நாள் பொறுக்க வேண்டும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடிகளுக்கு எந்தத் தெளிப்பும் பயன்படாது. அவற்றைப் பிடுங்கி அகற்றிவிட்டு, நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்காக விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிட்டோம்.

வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. கடை ஒன்றில் 'மூலிகைப் பூச்சிவிரட்டி' என்ற பெயரில் கூட்டாக வாங்கிய திரவத்தைத் தெளித்த மாடியொன்றில், புடலைப் பந்தலின் கீழ் மறுநாள் காலையில் கொசுத்தேனீக்களும் நன்மை செய்யும் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் உதிர்ந்து கிடந்தன. புட்டியில் உட்பொருள் எதுவும் குறிப்பிடப்படவில்லை. மீதமிருந்த புட்டிகளைக் கடைக்குத் திருப்பினோம், பணம் கிடைக்கவில்லை. உட்பொருள் அச்சிடாத எதையும் இனிச் சங்கம் வாங்காது.

கறிவேப்பிலையில் வரும் பச்சைப்புழு பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. இளம் பருவத்தில் பறவை எச்சம்போல் தோன்றும் அப்புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாக மாறும் என்பதால், உறுப்பினர் ஒருவர் தம் பேத்திக்காக ஒரு செடியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஒற்றைச் செடி மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்கு உடன்படவில்லை; அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

வரும் ஆண்டில் பாகல், பீர்க்கு ஆகியவற்றில் பழ ஈக்கான கவர்ச்சிப் பொறிகளை அக்கம்பக்கத்து மாடிகளில் ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்