டிரைவில் ஏற்றியாயிற்று என்று கார்டை அழித்துவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் ஸ்டுடியோ நடத்துவோருக்கும், வீடியோ எடிட்டர்களுக்கும், ஆல்பமும் அழைப்பிதழும் டிசைன் செய்வோருக்கும், நம் தொழில் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தை முகூர்த்தங்கள் வருகின்றன. களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை மண்டபத்துக்கு மண்டபம் கேமராக்கள் ஓடும். அந்தப் படங்கள் கடைசியில் எங்கே தங்குகின்றன என்பது பற்றித்தான் இந்த மடல். கூகுள் டிரைவ் போல இணையத்தில் ஃபைல்களைச் சேமிக்கும் கிளவுட் இல்லாமல் இன்று நம் தொழில் நடக்காது. ஆனால் டிரைவில் போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் அன்றைக்கே கார்டை ஃபார்மேட் செய்கிறோம், ஹார்ட் டிஸ்க்கையும் காலி செய்கிறோம். ஒரு வீட்டாரின் கல்யாணம் ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஒரு பாஸ்வேர்டின் பின்னால் மட்டும் இருப்பது சரியில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதிவதை மாற்றாமல் வைத்திருக்கும் அசல் படம்) ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி. இரண்டு பேர் சேர்ந்து 4000 படம் எடுத்தால் 110 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பிட்ரேட்டில் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. ஆக ஒரு கல்யாணத்துக்கு 380 ஜிபி. 2 டிபி இடம் வாங்கினால் ஐந்து கல்யாணத்தோடு நிறைந்துவிடும்.

இனி ஏற்றும் நேரம். இணைப்புத் திட்டத்தில் பெரிதாகப் போடும் வேகம் பல சமயம் இறக்கும் வேகம்தான். ஏற்றும் வேகத்தைத் தனியாகக் கேட்டு, வேகச் சோதனையிலும் பாருங்கள். அது 20 எம்பிபிஎஸ் என்றால், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், எட்டால் வகுக்க வேண்டும், நொடிக்கு 2.5 எம்பிதான். 380 ஜிபி ஏற 42 மணி நேரம் ஆகும், அதுவும் கரண்டும் இணைப்பும் ஒரு நிமிடம்கூடப் போகாமல் இருந்தால். பிரவுசர் வழியாக ஏற்றும்போது கரண்ட் போனால் பாதியில் நின்ற ஃபைல் மறுபடி முதலிலிருந்துதான். கணினியில் நிறுவும் டிரைவ் செயலியில் ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தச் செயலியின் அமைப்புகளில் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் இடம் உண்டு. 20 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அதில் 2000 கேபி என்று போடுங்கள். ஏற்றும் பாதை முழுவதும் அடைபட்டால் இறக்குவதும் திணறும், ஏனென்றால் வந்து சேர்ந்த டேட்டாவுக்குக் 'கிடைத்தது' என்று திரும்பும் பதிலும் அதே பாதையில்தான் போக வேண்டும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வைத்து என்ன பயன்?

எடிட்டர் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ இருந்தால் அசல் முழுவதையும் ஏற்றி அனுப்பவே வேண்டாம். 1280-க்கு 720 அளவில், 10 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் புராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான சிறிய நகல், எடுங்கள். ஆறு மணி நேர ஃபுட்டேஜ் 27 ஜிபிக்குள் அடங்கும், மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அவர் வெட்டி முடித்து புராஜெக்ட் ஃபைலை மட்டும் திருப்பி அனுப்புவார். உங்களிடம் இருக்கும் அசலோடு அதை இணைத்து இறுதி வீடியோவாக ரெண்டர் செய்யலாம். இது சரியாக நடக்க, புராக்ஸியும் அசலும் பெயரிலும், ஃபிரேம் ரேட்டிலும், டைம்கோடிலும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), ஆடியோ சேனல் எண்ணிக்கையிலும் ஒத்திருக்க வேண்டும். தவறு பெரும்பாலும் பெயரில்தான் நடக்கிறது. இரண்டு கேமராவும் 0001 என்றே எண்ணத் தொடங்கும், ஒரே பெயரில் இரண்டு கிளிப் இருக்கும், தாலி கட்டும் இடத்தில் வரவேற்புக் காட்சி வந்து உட்காரும். கார்டிலிருந்து இறக்கும்போதே பெயரின் முன்னால் கேமராவுக்கு ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். புராக்ஸி எடுத்த பிறகு பெயரில் கை வைக்காதீர்கள். புகைப்படத்துக்கு லைட்ரூம் கிளாசிக்கின் ஸ்மார்ட் பிரிவ்யூ இதே வேலையைச் செய்யும். நீளப் பக்கம் 2560 பிக்சல், கலர் கரெக்ஷனுக்கு அது தாராளம். ஆனால் லைட்ரூம் கேட்டலாக் ஃபைலை, கிளவுடோடு தானாக ஒத்திசையும் (சிங்க்) ஃபோல்டருக்குள் வைத்துத் திறக்காதீர்கள். அது படங்களின் விவரமும் திருத்தங்களும் பதியும் ஒரு டேட்டாபேஸ். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் அதை இழுத்தால் கெட்டுப்போகலாம். மூடிய பிறகு ஒரு நகலை ஏற்றுங்கள்.

ஒத்திசைவை பேக்கப் என்று நினைப்பதுதான் நம்மிடையே உள்ள பெரிய குழப்பம். ஒரு கணினியில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். பணம் பறிக்கும் ரேன்சம்வேர் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைலையே டிரைவ் சிரத்தையாக மேலே ஏற்றும். இன்னொன்று, டிரைவ் செயலியை 'ஸ்டிரீம்' முறையில் வைத்தால் ஃபோல்டரில் தெரிவது பெயர் மட்டும், டேட்டா கிளவுடில் இருக்கும். அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டோம் என்று நம்புவதற்கு முன் இணையத்தைத் துண்டித்துவிட்டு பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். கிளவுடிலிருந்து பெரிய ஃபோல்டரை இறக்கினால் அது 2 ஜிபி அளவுள்ள ஜிப் துண்டுகளாக வரும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் படங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணாமல் போகும், சட்டென்று கண்ணில் படாது. இறக்கியதும் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

அழைப்பிதழ் டிசைன் செய்வோருக்குத் தனியாக ஒன்று. நம்மிடம் உள்ள பழைய பத்திரிகை மேட்டர் பெரும்பாலும் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கிடக்கிறது. அதை இணைய டிசைன் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகத்தான் நிற்கும். மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் உரை எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் 'செல்வி' என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். கிளவுடிலிருந்து செயல்படுத்திய எழுத்துரு சந்தா முடிந்ததும் மறைந்துவிடும். அச்சகத்துக் கணினியில் அது இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே அச்சுக்குப் போகும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றுங்கள், திருத்தக்கூடிய மூலத்தைத் தனியாக வைத்திருங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் கிளவுடை விடச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. மணமகன் ஒரு மாத லீவில் வந்து வளைகுடாவுக்குத் திரும்பிவிடுகிறார். முன்பு செலக்ஷனுக்காக ஆல்பம் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். இப்போது அவர் துபாயிலும் அம்மா கருங்கலிலும் ஒரே இணைப்பைத் திறந்து, படத்தின் எண்ணைக் குறித்து இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள். செலக்ஷனுக்குச் சிறிய ஜேபெக் போதும். ஆனால் வீட்டார் திருப்பித் தரும் படத்தை அப்படியே ஆல்பம் ஷீட்டில் வைக்காதீர்கள். கூகுள் போட்டோஸின் இடம் மிச்சப்படுத்தும் முறை படத்தை 16 மெகாபிக்சலுக்கு இறக்கும். 12-க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 39 மெகாபிக்சல். எண்ணை மட்டும் வாங்கி அசலை எடுத்து வையுங்கள். இணைப்பை 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று விடவும் வேண்டாம். அதில் இருப்பவை நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் படங்கள். குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் கொடுத்து, செலக்ஷன் முடிந்த அன்றே மூடுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் நம் கடலும் மழையும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருண்டன. குளச்சல், முட்டம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கின் யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உப்புக்காற்றில் உலோகம் மங்கிப் பச்சை பூத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கொஞ்சம் காக்கும். வெள்ளத்துக்கும் தீக்கும், மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் பிரதிதான் காவல். அதேபோல வெளியிலிருக்கும் பிரதியும் போகலாம். மைஸ்பேஸ் தளம் சர்வர் மாற்றும்போது, இசைக்கலைஞர்கள் பல ஆண்டுகள் ஏற்றியிருந்த பாடல்கள் போய்விட்டன என்று 2019-ல் தெரியவந்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

எனவே அசலும் நகலுமாக மூன்று பிரதி, இரண்டு வேறு டிஸ்க்கில், ஒன்று ஊருக்கு வெளியே. ஸ்டுடியோ கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பில் புத்தகத்தோடு பூட்டுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் போன சிம் எண்ணுக்குத்தான் ஓடிபி போகும் என்றால் கணக்கைத் திறக்க வழியில்லை. கூகுளின் இலவச 15 ஜிபி மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. அது நிறைந்தால் ஆர்டர் மெயிலும் வராது.

சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. அசல் ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்போம், அதன்பின் அழிக்கும் முன் யாரிடம் சொல்வோம், கிளவுட் இணைப்பு எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்ற மூன்று வரிகளை எல்லா ஸ்டுடியோக்களின் ஆர்டர் படிவத்திலும் அச்சிட, தை பிறப்பதற்குள் ஒரு பொது முடிவெடுங்கள். ஆல்பம் கொடுக்கும் நாளில் அசலை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வீட்டார் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்குவதையும் அதில் சேருங்கள். டிஸ்க்கின் விலையை முதலிலேயே பில்லில் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் எடிட்டிங்கும் ஆல்பம் வடிவமைப்பும் செய்வோர்