தாள் நிரப்பித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வெள்ளவத்தையில் நடந்த 'ஜொஹாரி சாளரம்' பயிற்சிக்காகப் பிறர் முதுகைப் பார்த்துச் சொன்ன உறவினர், அயலவர், கந்தோர் நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் உருவாக்கிய முறை இது; ஒருவர் தன்னைப் பார்ப்பதையும் பிறர் அவரைப் பார்ப்பதையும் ஒப்பிடுவது. இருவர் பெயரையும் ஒட்டவைத்தால் ஜொஹாரி. 56 பண்புச்சொற்களில் தனக்குப் பொருந்தும் ஐந்தாறை ஒருவர் தெரிவுசெய்வார். அவரை அறிந்தவர்களும் அப்படியே. சாளரத்துக்கு நான்கு கட்டங்கள்: இரு தரப்பும் குறித்த சொல் திறந்த கட்டத்துக்கு, அவர் மட்டும் குறித்தது மறைவுக் கட்டத்துக்கு, மற்றவர்கள் மட்டும் குறித்தது குருட்டுக் கட்டத்துக்கு. யாரும் தொடாதவை நான்காவதில். குருட்டுக் கட்டத்தைத் தனியே இருந்து நிரப்ப வழியே இல்லை, நீங்கள்தான் வேண்டும்.

சொற்களைத் தமிழாக்கிய ஆசிரியைகளுக்குத் தனி நன்றி. ஆங்கிலத்தில் 'பிரவுட்' ஒரே சொல். தமிழில் பெருமிதம் என்றால் பாராட்டு, செருக்கு என்றால் வசை. செருக்கு என்று அச்சிட்டிருந்தால் ஒருவரும் அதில் கைவைக்க மாட்டார்கள். 'வெட்கம்' பெண்களுக்கே விழும் என்று சொல்லிக் 'கூச்சம்' என மாற்றியதும் அவர்களே.

கொழும்பில் ஒரே ஆள் வீட்டில் சின்னக்கா, கந்தோரில் மிஸ், பஸ்ஸில் நங்கி (சிங்களத்தில் தங்கை). வீட்டார் தாள்களை மட்டும் சேர்த்தால் 'அன்பு', 'பொறுமை' என்றே குவியும். அதனால் ஒருவருக்கு ஆறு தாள்: வீட்டில் இரண்டு, வேலையிடத்தில் இரண்டு, பள்ளித் தோழர் ஒருவர், அயலவர் ஒருவர். மேலதிகாரி வேண்டாம், சம்பள உயர்வு நடுவில் வந்து நிற்கும். சிங்களத்தில் மட்டுமே பழகிய சக ஊழியர்கள், சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு நிரப்பியது பெரிய உபகாரம்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்; எனவே வாக்குச்சீட்டில் போல் புள்ளடி மட்டும். ஒரே ஒருவர் குறித்த சொல் அந்த உறவைப் பற்றியதாகவும் இருக்கலாம், மூவர் குறித்தால் யோசிக்கவேண்டும். பதற்றம் போன்ற மன உணர்வுகளை ஒருவர் தானே நன்றாக அறிவார், அறிவுத்திறனைப் பிறரே நன்றாகக் கணிப்பர் என்று உளவியலாளர் சிமின் வசிரே 2010இல் காட்டினார். ஆகவே 'பதற்றம்' குருட்டுக் கட்டத்தில் விழுந்தால் உடனே நம்பவேண்டாம். 'கெட்டிக்காரர்' விழுந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் குறைச்சொற்கள் மிக அரிது. குறை கேட்க வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

மண்டபமும் பிளேன்டீயும் தந்தவர்களுக்கும் நன்றி. உங்கள் தாள்களைக் கிழித்துவிட்டோம், தொகுப்பு உரியவரிடம் மட்டுமே.

பயிற்சிக் குழுவினர்,
கொழும்பு 06