செல்லின் படத்தைத் திருத்தி வரையுங்கள்: பாடநூல் குழுவினருக்கும் ஓவியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல்களுக்குப் படம் வரைவோருக்கும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தருவோருக்கும் வணக்கம்.

யூகேரியோட்டிக் செல் என்றதும் நீங்கள் அச்சிடும் படம் எல்லோருக்கும் மனப்பாடம். வெளிர்நிற வட்டம், நடுவில் உட்கரு, அதை ஒட்டி நாலைந்து வளைகோடுகளாக எண்டோபிளாச வலை, தனித்தனி விதைகளாக மூன்று மைட்டோகாண்ட்ரியா, ஒரு மூலையில் கோல்கி. மிச்சமெல்லாம் வெற்றிடம். செல்லைத் தாங்கும் புரத இழைகளான செல்சட்டகமோ சில பக்கங்கள் தள்ளி, தனிப் பெட்டிக்குள் நுண்குழல், ஆக்டின் இழை, இடைநிலை இழை என்று மூன்று வகையாகக் கிடக்கும். இதில் எழுதியிருக்கும் பெயர்களில் பிழையில்லை. எது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் பிழை.

இந்தப் பிழை ஓவியர்களின் கற்பனையில் பிறந்ததில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் தொடக்க காலத்தில் மாதிரிகளைத் தயாரித்த விதத்தில் பிறந்து, படத்திலிருந்து படத்துக்குப் பிரதியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

முதல் கோளாறு சீவல். எலக்ட்ரான் கற்றை ஊடுருவ வேண்டுமென்றால் மாதிரியைச் சுமார் 70 நானோமீட்டர் தடிமனுக்குச் சீவ வேண்டும். 14 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள செல்லிலிருந்து அப்படி 200 சீவல்கள் வரும்; நூலில் இடம்பெறுவது அவற்றில் ஒன்று. சுருட்டி வைத்த கயிற்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பவருக்குக் கயிறு தெரியாது, வட்டங்கள்தான் தெரியும். நீண்டு கிளைத்த மைட்டோகாண்ட்ரியா விதைகளானதும், தொடர்ந்து ஓடும் எண்டோபிளாச வலை துண்டுக்கோடுகளானதும் இப்படித்தான். 1945-இல் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் மூவரும் வெளியிட்ட படத்தில் இந்தக் குறை இல்லை. வளர்ப்பூடகத்தில் தட்டையாகப் பரவிய கோழிக்கரு செல்லைச் சீவாமல், அதன் மெல்லிய ஓரத்தை முழுதாகவே பார்த்தார்கள். பின்னலாக ஒரு வலை தெரிந்தது. சீவும் நுட்பம் கைவந்த பின் விவரம் கூடியது, முழு வடிவம் பார்வையிலிருந்து போய்விட்டது.

இரண்டாவது கோளாறு பதப்படுத்தல், அதாவது செல்லை இருந்தபடியே நிலைநிறுத்த வேதிப்பொருளில் வைப்பது. 1963-க்கு முன் செல்களைப் பெரும்பாலும் பனிக்கட்டிக் குளிரில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொண்டு பதப்படுத்தினார்கள். குளிரில் நுண்குழல்கள் டியூபுலின் புரதத் துணுக்குகளாகக் கழன்றுவிடும். ஆஸ்மியமும் புரத இழைகளைச் சரியாகப் பிடித்து வைக்காது. சிலியா, கசையிழை போன்றவற்றிலிருந்த உறுதியான நுண்குழல்கள் தப்பின; சைட்டோபிளாசத்தில் இருந்தவை பெரும்பாலும் மறைந்தன. 1963-இல் அறை வெப்பநிலையில் குளூட்டரால்டிஹைடு பயன்பாட்டுக்கு வந்த பிறகே அவை பரவலாகக் கண்ணில் பட்டன. அதற்குள் "செல்லின் படம்" உறைந்துவிட்டது. செல்சட்டகம் இன்றும் பின்னிணைப்பாகத் தனிப் பெட்டியில் கிடக்க இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

இனி, எப்படி வரையலாம் என்பதற்கு வருவோம். முதலில் அளவுகோலை முடிவு செய்யுங்கள். 20 மைக்ரோமீட்டர் செல்லைப் பக்கத்தில் 20 சென்டிமீட்டராக வரைந்தால் உருப்பெருக்கம் 10,000 மடங்கு. அந்தக் கணக்கில் மைட்டோகாண்ட்ரியத்தின் குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர். எண்டோபிளாச வலையின் குழல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நுண்குழல் 25 நானோமீட்டர், ஆகவே கால் மில்லிமீட்டர் கோடு. ரைபோசோமும் கிட்டத்தட்ட அவ்வளவே, பேனா முனைப் புள்ளி. ஆக்டின் இழை 7 நானோமீட்டர், இடைநிலை இழை 10 நானோமீட்டர். இரண்டையும் ஒற்றையாக வரைந்தால் அச்சில் நிற்காது, கற்றையாகவோ மெல்லிய நிழலாகவோ காட்டுங்கள். சவ்வு சுமார் 5 நானோமீட்டர்தான். இந்த அளவில் அதற்கு இரட்டைக்கோடு போடுவது பொய். இரட்டை அடுக்கைக் காட்ட வேண்டுமென்றால் உருப்பெருக்கத்தை எழுதித் தனிப்படம் போடுங்கள்.

எண்டோபிளாச வலையைத் தாராளமாக வரையுங்கள். கல்லீரல் செல்லின் மொத்தச் சவ்வுப் பரப்பில் ஏறக்குறையப் பாதி இதற்குரியது. செல்லின் வெளிச்சவ்வின் பங்கு சுமார் 2 சதவீதம். நீங்கள் தடித்த கோட்டில் வரையும் எல்லைதான் சவ்வுகளில் சிறுபான்மை! உட்கருவின் வெளிச்சவ்வும் இந்த வலையும் ஒரே சவ்வு, இடையில் கோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கருவை அடுத்துத் தட்டையான தகடுகள், விளிம்பை நோக்கிப் போகப்போக மூன்று மூன்றாகச் சந்திக்கும் குழல்கள். மைட்டோகாண்ட்ரியாவையும் செல்லின் வெளிச்சவ்வையும் இவ்வலை 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கும் இடங்கள் உண்டு. லிப்பிடுகளும் கால்சியமும் கைமாறுவது அங்கேதான். நம் அளவுகோலில் அந்த இடைவெளி ஒரு மயிரிழை. தொடுவதுபோல் வரையுங்கள், இரண்டு சவ்வுகளையும் இணைத்துவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியம் இரண்டாகப் பிரியுமிடத்தில் எண்டோபிளாசக் குழல் அதைச் சுற்றிப் பிடித்திருப்பதும் 2011-இல் காட்டப்பட்டிருக்கிறது.

கோல்கி ஏன் உட்கருவின் பக்கத்தில் இருக்கிறது என்று மாணவர் கேட்டால் இப்போதைய படத்தில் விடை கிடையாது. விலங்கு செல்லில் நுண்குழல்களின் கழித்தல் முனைகள் பெரும்பாலும் உட்கருவை அடுத்துள்ள சென்ட்ரோசோமில் நங்கூரமிட்டிருக்க, கூட்டல் முனைகள் வெளியே பரவுகின்றன. டைனீன் என்ற மோட்டார் புரதம் நுண்குழலின்மேல் கழித்தல் முனை நோக்கி நடக்கும். கோல்கியை மையத்துக்கு இழுத்து வைப்பது அதுவே. கைனசின் என்ற மோட்டார் புரதங்களில் பெரும்பாலானவை எதிர்த்திசையில், அடிக்கு 8 நானோமீட்டராக, அடிக்கு ஒரு ஏடிபி (ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவில் நடந்து எண்டோபிளாச வலையை விளிம்புக்கு நீட்டுகின்றன. நோகோடசோல் என்ற மருந்து கொடுத்து நுண்குழல்களைக் கலைத்தால் கோல்கி சிறு அடுக்குகளாகச் சிதறிச் செல் முழுவதும் பரவிவிடும். ஆகவே சவ்வுகளையும் செல்சட்டகத்தையும் ஒரே படத்தில் வரையுங்கள். நுண்குழல்களின் இரு முனைகளையும் கூட்டல், கழித்தல் குறியிட்டுக் காட்டுங்கள். இடைநிலை இழைகளுக்கு அந்தக் குறி வேண்டாம்: அவற்றுக்குத் திசையில்லை, மோட்டார் புரதங்கள் அவற்றின்மேல் நடப்பதுமில்லை.

அம்புக்குறிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்டோபிளாச வலை, கோல்கி, வெளிச்சவ்வு என்று ஒருவழிப் பாதையாகவே பல நூல்களிலும் போடப்படுகிறது. அது மட்டும் உண்மையானால் வலை தேய்ந்துகொண்டே போக வேண்டும், வெளிச்சவ்வு வளர்ந்துகொண்டே போக வேண்டும். வலையிலிருந்து புறப்படும் குமிழ்களுக்குக் காப்-2 (COPII) என்ற புரத உறை, கோல்கியிலிருந்து திரும்புபவற்றுக்குக் காப்-1 (COPI) உறை. திரும்பும் அம்பையும், வெளிச்சவ்விலிருந்து கிளாத்ரின் புரத உறையோடு உள்ளே வரும் அம்பையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

தாவர செல்லின் படத்தில் தனிக் கவனம் தேவை. விலங்கு செல்லை எடுத்துச் சுவரையும் பசுங்கணிகத்தையும் ஒட்டிவிட்டால் போதாது. பூக்கும் தாவரங்களில் சென்ட்ரியோல் கிடையாது, தவறிப்போய்க்கூட வரைந்துவிடாதீர்கள். வளரும் செல்லின் நுண்குழல்கள் வெளிச்சவ்வின் அடியில் ஒட்டிக் கிடந்து, செல்லுலோஸ் இழைகள் படியும் திசைக்கு வழிகாட்டுகின்றன. கோல்கியும் ஒன்றில்லை, தனித்தனி அடுக்குகளாகப் பரவி, ஆக்டின் பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கும். கெரட்டின், வைமென்டின் போன்ற இடைநிலை இழைகளும் தாவரங்களில் இல்லை.

படத்தோடு ஒளிர் நுண்ணோக்கிப் புகைப்படமும் போடுவதானால், மாதிரி எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். பாலூட்டி செல்களை 37 டிகிரிக்குச் சூடாக்கிய 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் வைப்பது வழக்கம். கரைசல் குளிர்ந்திருந்தால் நுண்குழல்கள் குறைந்துபோகும். மைனஸ் 20 டிகிரி மெத்தனால் நுண்குழல்களுக்கு ஏற்றது. ஆனால் அது லிப்பிடுகளைக் கரைத்து எடுத்துவிடும், ஃபாலாய்டின் சாயமும் அதன்பின் ஆக்டினில் சரியாக ஒட்டாது. ஆகவே மெத்தனால் படத்தைக் காட்டிச் சவ்வுகளைப் பற்றிப் பேச வேண்டாம். எண்டோபிளாச வலையின் குழல்கள் ஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் துண்டுபடக்கூடும், 0.1 சதவீதம் குளூட்டரால்டிஹைடு சேர்த்தால் நன்றாக நிற்கும், பதிலுக்குப் பின்னணி ஒளிர்வு கூடும். கூடுமானவரை உயிருள்ள செல்லின் படத்தையே கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் செல்லின் வகை, பதப்படுத்திய முறை, அளவுக்கோடு ஆகிய மூன்றும் படத்தின் கீழேயே அச்சாக வேண்டும்.