மாடு மேயுற எடத்துல கோழி எருவைக் கொட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க பெங்களூருல ஹொசகோட்டே பக்கம் இருக்கோம், வீட்ல கறவை மாடு வச்சிருக்கோம், அந்த அக்கறையிலதான் இத எழுதுறேன். இங்க கோழிப்பண்ணை பத்தி பேச்சு வந்தாலே ஈ, நாத்தம், இந்த ரெண்டோட முடிச்சிடுறாங்க. ஈ பெரிய தொல்லைதான், சோத்துத் தட்டுல வந்து உக்காருது, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஷெட்டைக் காலி பண்ணின உடனே எருவை டிராக்டர்ல ஏத்திட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா கோமாளா (ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம்) ஓரத்துலயும் ஏரிக்கரையிலயும் கொட்டிட்டுப் போறாங்களே, மறுநாள் காலைல அங்கதானே மாடும் ஆடும் மேயுது, அதப் பத்தி யாரும் வாய் தொறக்கறதில்ல.

கறிக்கோழி ஷெட்டுல கீழ உமியோ மரத்தூளோ தேங்கா நார்த்தூளோ பரப்பி குஞ்சு விடுவாங்க, 40, 45 நாள்ல கோழி லாரி ஏறிடும், கீழ மிஞ்சுறது எச்சம், சிந்தின தீவனம், இறகு எல்லாம் கலந்த எரு. அடுத்த பேட்ச் குஞ்சு வர்றதுக்குள்ள ஷெட்டு சுத்தமாகணும். வெயில் காலத்துல திராட்சைத் தோட்டத்துக்கும் ராகி வயலுக்கும் காசு குடுத்து வாங்குறவங்க இருக்காங்க, நல்ல சத்துள்ள எருதான். மழை புடிச்சிட்டா வாங்க ஆள் கெடையாது, நனைஞ்ச எருவை வச்சிருக்க எடமும் கெடையாது, அப்பதான் கேக்க நாதியில்லாத பொறம்போக்கு நிலம் இவங்க கண்ணுல படுது. அதாவது எந்த நேரத்துல கொட்டக்கூடாதோ அந்த நேரத்துலதான் கொட்டுறாங்க.

புல்லுக்கு நைட்ரஜன் நிறைய வேணும், பாஸ்பரஸ் கொஞ்சம் இருந்தா போதும். கோழி எருவுல பாஸ்பரஸ் அந்தத் தேவைக்கு மேலயே இருக்கு, அதனால நைட்ரஜனுக்கு கணக்குப் பண்ணி அளவா போட்டாக்கூட பாஸ்பரஸ் மண்ணுல மிஞ்சும், இவங்க லோடு லோடா கொட்டினா வருசா வருசம் மேல்மண்ணுல சேந்துக்கிட்டே போகும், மழைல மண்ணு கரைஞ்சு ஏரிக்குள்ள எறங்கும், பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிக்கும், தண்ணில ஆக்ஸிஜன் இல்லாம மீன் செத்து மிதக்கும். நைட்ரஜன்ல ஒரு பங்கு அமோனியாவா காத்துல போகும், மூக்கைத் துளைக்கிற அந்த நெடி அதுதான், இன்னொரு பங்கு நைட்ரேட்டா மாறி நிலத்தடி தண்ணிக்குப் போகும். குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயமே சொல்லுது, கைக்கொழந்தைங்களுக்கு அது ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏறவிடாம உடம்பை நீலமாக்கிடும்.

அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலம் இதுக்காக கோர்ட்டுக்கே போச்சு. பக்கத்து ஆர்கன்சா எல்லையை ஒட்டின மேய்ச்சல் நிலத்துல கோழி எருவை அளவில்லாம போட்டதால இல்லினாய் ஆறும் அது போய் சேர்ற டென்கில்லர் ஏரியும் கெட்டுப்போச்சுன்னு பெரிய பெரிய கோழி கம்பெனிங்க மேல 2005ல கேஸ் போட்டாங்க, 2023 ஜனவரிலதான் கம்பெனிங்கதான் பொறுப்புன்னு தீர்ப்பு வந்துச்சு. அத்தன வருசம் வக்கீல் வச்சு நடத்த ஒரு மாநில அரசால முடிஞ்சுது, எங்க கிராமப் பஞ்சாயத்தால முடியுமா சொல்லுங்க.

இப்ப மாட்டு விஷயத்துக்கு வரேன், எனக்கு வயித்தெரிச்சலே இதுலதான். ஷெட்டுல செத்த கோழியைத் தனியா எடுத்து குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு பொதைக்கணும், பல எடத்துல அதையும் எருவோட சேத்து அள்ளிடுறாங்க. அழுகுன கோழில பொட்டுலிசம்ங்கிற நோயை உண்டாக்குற ஒரு கிருமியோட விஷம் ஊறும், அது கலந்த எரு கெடக்குற எடத்துல மேயுற மாட்டுக்கு மொதல்ல பின்னங்கால் தளரும், அப்புறம் படுத்துடும், நாக்கு தாடை வேலை செய்யாது, தண்ணி முழுங்க முடியாம சாகும். அயர்லாந்து, இங்கிலாந்து பக்கம் இப்படி நிறைய மாடு செத்திருக்கு. நம்ம ஊர்ல மாடு அப்படி படுத்தா பாம்பு கடிச்சிருக்கும்னு சொல்லிட்டு விட்டுடுறோம். தெருநாய் வேற செத்த கோழியை இழுத்துட்டுப் போய் மேய்ச்சல் நெலமெல்லாம் போட்டுடுது. அந்தக் கிருமியோட வித்து மக்க வச்சாக்கூட சாகாது, அதனால எருவுல செத்த கோழி சேரவே கூடாது. செம்மறி ஆட்டுக்கு இன்னொரு ஆபத்து, கோழித் தீவனத்துல மயில்துத்தம் சேத்தா அந்த காப்பர் எச்சத்துல வந்துடும், செம்மறிக்கு காப்பர் கொஞ்சம் கூடினாலே ஆகாது, ஈரல்ல சேந்து சேந்து திடீர்னு விழும். கோழிக்குக் குடுக்குற ஆன்டிபயாடிக்கும் எச்சத்தோட மண்ணுக்கு வருது, கொலிஸ்டின் மருந்தை 2019லயே கால்நடைக்கு குடுக்கக்கூடாதுன்னு மத்திய அரசு தடை பண்ணிச்சு, மத்த மருந்தெல்லாம் எவ்வளவு குடுக்குறாங்கன்னு பண்ணைல போய் யாரு பாக்குறாங்க?

சட்டம் இல்லாம இல்ல. கர்நாடக நில வருவாய் விதிப்படி நூறு மாட்டுக்கு 12 ஹெக்டேர் கோமாளா ஒதுக்கணும், அதுல வீட்டுமனை லேஅவுட்டுக்குப் போனது, ஆக்கிரமிப்புல போனது போக மிச்சம் இருக்குறதே கொஞ்சம். ஒரு லட்சம் கோழிக்குக் கீழ இருக்குற பண்ணைக்கெல்லாம் அனுமதி தேவையில்லைன்னு இருந்ததை மறுபடி பாருங்கன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2020ல சொல்லி, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமும் வழிகாட்டு நெறிகளை மாத்திச்சு. ஆனா எங்க பக்கம் ஒரு அதிகாரி வந்து எருவு எங்க போகுதுன்னு கேட்டு நான் பாத்ததில்ல.

பண்ணைக்காரங்களுக்கு நான் எதிரி இல்ல சார், அவங்களும் கடன் வாங்கித்தான் ஷெட்டு போடுறாங்க. எருவை மேடான எடத்துல குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடி மக்க வைக்கட்டும், மழை நாள்ல வெளிய எடுக்க வேணாம், மண்ணு டெஸ்ட் பண்ணி வேணுங்குற பயிருக்கு மட்டும் குடுக்கட்டும், ஏரி ஓரம், கெணத்து ஓரம், மேய்ச்சல் நிலம் பக்கம் வரவே வேணாம். எந்தப் பண்ணை எருவு எந்த வண்டில எங்க போச்சுன்னு பஞ்சாயத்துல ஒரு நோட்டுப் போட்டு எழுத வச்சாலே ராத்திரி கொட்டுறது பாதி நிக்கும்.

தமிழ்ப் பேப்பருக்கு ஏன் எழுதுறேன்னா, நந்தி மலைல பொறக்குற தென்பெண்ணை எங்க ஹொசகோட்டே வழியாதான் ஒசூர் கெலவரப்பள்ளி அணைக்கும் அங்கேருந்து கிருஷ்ணகிரிக்கும் போகுது. ஏற்கனவே பெங்களூரு சாக்கடையால அந்த அணைல நுரை பொங்குறதை நீங்களே படம் போட்டிருப்பீங்க. செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தரை இந்தப் பக்கம் அனுப்புங்க, கொட்டுற எடத்தையெல்லாம் நானே கூட வந்து காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹொசகோட்டே, பெங்களூரு ஊரகம்