ஒகயாமாவிலிருந்து அப்பா

ஒகயாமா, ஜப்பான்
ஜூன் 1946

சிரஞ்சீவி மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் நீ, அம்மா, தங்கச்சி, ஆயா எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுதவும்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஜப்பானைப் பிடித்த பட்டாளத்தில் அப்பா இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாயாம். நாங்கள் ஒன்றும் பிடிக்கவில்லையப்பா. அவர்கள் போன ஆகஸ்டிலேயே சரணடைந்துவிட்டார்கள். அமெரிக்காக்காரன் நாடு முழுக்க உட்கார்ந்த பிறகு, மேற்குப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தான். அதில் ஆஸ்திரேலியாக்காரன், நியூசிலாந்துக்காரன், வெள்ளைக்காரன், அவனோடு நாம், என்று வந்து இறங்கியிருக்கிறோம். கிடங்குகளில் இருக்கும் குண்டு, துப்பாக்கி எல்லாவற்றையும் கண்டெடுத்து அழிப்பதும் காவல் காப்பதும்தான் வேலை. எனக்கு வழக்கம்போல ரேஷன் லாரி. இம்பால் ரோட்டில் ஓட்டியதற்கு இது எவ்வளவோ மேல். இங்கே யாரும் சுடுவதில்லை.

கப்பல் வந்து நின்றது குரே துறைமுகத்தில். யமாட்டோ என்று ஒரு பெரிய போர்க்கப்பல் இருந்ததே, அதைக் கட்டிய இடம். போன ஜூலையில் அமெரிக்க விமானங்கள் அடித்த அடியில் போர்க்கப்பல்கள் பாதி முழுகி, பீரங்கிகளோடு தரைதட்டிக் கிடக்கின்றன. மேல்தளத்தில் நின்று பார்த்தபோது எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்வார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குளிர் வேறு. பங்குனி மாசத்தில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஒகயாமாவில்தான் நம் டிவிஷனின் தலைமையிடம். போன ஜூன் 29 விடிவதற்கு முன்னால் இருட்டிலேயே விமானங்கள் நெருப்பைக் கொட்டி ஊரை எரித்துவிட்டன. கருப்பாக ஒரு பெரிய கோட்டை இருந்ததாம், அதுவும் அன்றைக்கே போய்விட்டது. எல்லாம் மர வீடுகள் அல்லவா. இப்போது தகரத்தையும் எரிந்த பலகையையும் சேர்த்துக் குடிசை போட்டிருக்கிறார்கள். குடிசை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

டிவிஷன் ஜெனரல் கவான் துரை. பர்மாவில் மெய்க்டிலா சண்டையை இவர் நடத்திக்கொண்டிருந்த சமயத்தில் இவருடைய சொந்த மகன் மண்டலேயில் செத்துப்போனான். அப்படிப்பட்ட மனுஷர் இங்கே எப்படி நடந்துகொள்வாரோ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஜப்பான்காரர்களை அவமானப்படுத்துகிற ஆள் இல்லை. நம் பிரிகேடுக்குத் தலைவர் ஒரு குடகுக்காரர், திம்மையா. அவருக்கு வெள்ளைக்கார சோல்ஜர் சல்யூட் அடிப்பதைப் பார்க்க எனக்குத் தினமும் ஆசை. இதை வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் சொல்.

இங்கே நீ பார்க்க வேண்டியது வயல்தான். மலைச் சரிவு முழுக்கப் படிப்படியாகக் கழனி. சில துண்டுகள் நம் வீட்டுக் கூடம் அளவுகூட இல்லை, அதையும் விட்டுவைக்கவில்லை. குளிர்காலத்தில் பார்லி போட்டு, இந்த மாசம் அறுத்து, அடுத்த நாளே தண்ணீர் கட்டி நாற்று நடுகிறார்கள். கயிறு பிடித்து நேர்கோட்டில் நடுகிறார்கள். உன் தாத்தா பார்த்திருந்தால் வரப்பை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். எருவுக்கு மனுஷ மலத்தைத் தொட்டியில் ஊறவைத்து மரக்குவளையால் ஊற்றுகிறார்கள். ஊரே நாறுகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வயலில் பெரும்பாலும் பெண்களும் கிழவர்களும்தான். இளவட்டங்கள் இன்னும் சீனாவிலிருந்தும் தெற்குத் தீவுகளிலிருந்தும் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பாதவர்களும் நிறைய.

இவ்வளவு பயிர் செய்தும் பசிதான். போன வருஷம் விளைச்சல் மோசம். ரேஷனில் ஆளுக்கு நாளைக்கு 300 கிராம்கூடத் தேறாது, அதிலும் பாதி நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்காம். அதனால் இங்கே விளைவதை நாங்கள் வாங்கித் தின்னக் கூடாது என்று உத்தரவு. நல்ல உத்தரவு. அவர்கள் வீட்டுக்குள் போகக் கூடாது, பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு. இது நடக்கிற காரியமா? லாரியை நிறுத்தினால் குழந்தைகள் சூழ்ந்துகொள்கின்றன. தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு ஏழு வயசுப் பெண் வந்து நிற்கிறாள். பிஸ்கட்டைக் கொடுக்காமல் எப்படி வண்டியை எடுப்பது?

எனக்கு ஒத்துக்கொள்ளாதது வேறொன்று. முகாமில் கூட்டிப் பெருக்க உன் வயசுப் பையன் ஒருத்தன் வருகிறான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பை வளைத்துக் கும்பிடுகிறான். இவர்கள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்யும் மரியாதைதான் என்கிறார்கள். ஆனால் தங்களுக்குள் செய்யும்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறது, எங்களிடம் இல்லை. நம் ஊருக்கு சப் கலெக்டர் வந்தபோது உன் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாரே, அப்போது நீ கைக்குழந்தை. அந்த நிற்பு எனக்குத் தெரியும். அன்றைக்கு நின்றவரின் மகன் நான், இன்றைக்கு அதை வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறேன், அதுவும் இன்னொருத்தன் கொடுத்த சட்டையில். சந்தையில் ஒரு கிழவர் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "இந்தோ? சந்திர போஸ்?" என்று கேட்டார். இந்தியாவைத்தான் இவர்கள் இந்தோ என்கிறார்கள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்காக இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. உன் சித்தப்பாவை மலாயாத் தோட்டத்திலிருந்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில்பாதை போடக் கொண்டுபோனது இவர்கள் பட்டாளம்தான். கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது துறைமுகத்தில் நம் ஆள் ஒருத்தரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அங்கே போனவங்களைக் கேக்காதீங்க அண்ணே, லாரி லாரியா ஏத்துனாங்க, திரும்பினது கொஞ்சந்தான்" என்றார். அந்தப் பையன் குனியும்போது சில நாள் பிஸ்கட் கொடுக்கிறேன். சில நாள், இவன் அப்பன் சயாமில் இருந்திருப்பானோ என்று தோன்றிவிட்டால், பார்க்காதது போலப் போய்விடுகிறேன். இரண்டும் நான்தான். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

ஹிரோஷிமாவுக்கு ஒரு தடவை வண்டி போனது. ஒரே குண்டு என்று பேப்பரில் படித்திருப்பாய். எரிந்த ஊர்கள் பல பார்த்துவிட்டேன், இது அந்த வகை இல்லை. தட்டையாக இருக்கிறது. நடுவில் கூரை போய்க் கம்பிக்கூடு மட்டும் நிற்கிற ஒரு கட்டடம். அதற்குப் பக்கத்தில் டிராம் ஓடுகிறது, ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், கற்குவியலுக்கு நடுவே கீரை போட்டிருக்கிறார்கள். அந்தக் குண்டு விழுந்து சண்டை முடிந்த சேதி வந்த ராத்திரி நாங்கள் ரம் குடித்து ஆடினோம். உயிர் பிழைத்தவன் ஆடாமல் என்ன செய்வான். திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பாடவில்லை.

இன்னொரு விஷயம் உன் தங்கச்சிக்கு. நாங்கள் வந்த புதிதில், ஏப்ரல் 10-ந் தேதி, இங்கே தேர்தல். பெண்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். நம் ஊரில் வரி கட்டினவனா, படித்தவனா என்று பார்த்துத்தானே சீட்டு கொடுக்கிறார்கள். சுயராஜ்யம் வரப்போகிறது என்கிறார்கள், வந்தால் இதையும் செய்வார்களா என்று உங்கள் வாத்தியாரைக் கேள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆட்டா, பருப்பு, டப்பா மீன். எனக்குத்தான் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் நாக்கிலேயே நிற்கிறது. கடலோரமாக லாரி போகும்போது மீன் காயவைத்திருப்பார்கள். அந்த வாசனை வந்தால் வண்டியை மெதுவாக ஓட்டுவேன். பக்கத்தில் இருக்கும் பஞ்சாபிக்கு அது பிடிக்காது, திட்டுவான். ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் தூக்கம் வருவதில்லை. நம் ஊரில் இப்படிப் பெய்தால் ஏரி நிரம்பிவிடுமே என்று கணக்குப் போட்டபடி கிடப்பேன்.

மணியார்டர் 40 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். உன் பரீட்சைப் பணத்தை முதலில் கட்டு, மிச்சத்தை அம்மாவிடம் கொடு. கிணற்றுச் சுவர் சரிந்த பக்கம் மழைக்கு முன்னால் கல் அடுக்கியாக வேண்டும், மாமாவிடம் சொல். எப்போது ஊருக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் ஆயா கேட்டால் தீபாவளிக்கு என்று சொல்லிவை. மலாயாவிலிருந்து யாராவது நம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பியிருந்தால், நீயே நேரில் போய் சித்தப்பாவைப் பற்றி விசாரித்து உடனே எழுது. சேதி எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா