வரிசையைக் கலைத்துவிட்டேன்

அன்புள்ள செல்விக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே? பெரியவளுக்கு எந்தக் காலேஜ் என்று எழுது. விசில் சார் பாராட்டு விழாவுக்கு நீ வரவில்லை என்று மூன்றாம் ரூம் கும்பல் மொத்தமும் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை நீயே சமாளித்துக்கொள்.

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் பீரியட் என்றாலே பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது, என்னடி செய்வது என்று கேட்டிருந்தாய். எங்கள் பிள்ளைகளிடம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இப்போது சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது.

முதலில் வரிசையைக் கலைத்தேன். ஒரு மெத்தை, அதன் முன்னால் வகுப்பு முழுக்க, ஆளுக்கு ஒரு குட்டிக்கரணம், பெல் அடித்தால் முடிந்தது. நம் காலத்திலிருந்தே இதுதான் பழக்கம். ஒரு பிள்ளை உடம்பை அசைப்பது அரை நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அடுத்தவளை வேடிக்கை பார்க்கிறது. உருள வராத பிள்ளை பயப்படுவது கரணத்துக்கு இல்லை செல்வி, அந்த வேடிக்கைக்குத்தான். இப்போது ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய நார் மெத்தைகளை எல்லாம் இழுத்துப் போட்டு, பெஞ்சு, கயிறு, நீளம் தாண்டும் மணல்குழி என்று மூலைக்கு நாலைந்து பேராக அனுப்பிவிடுகிறேன். விசில் அடித்தால் இடம் மாற வேண்டும். எல்லாரும் எதையாவது செய்துகொண்டிருப்பதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அப்புறம், ஒரே வேலையைப் பல வழியில் வைத்தேன். உருள வேண்டும், அவ்வளவுதான். மரக்கட்டை மாதிரி படுத்துப் பக்கவாட்டில் உருளலாம். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடலாம். மெத்தையின் ஒரு முனைக்கு அடியில் பலகை கொடுத்துச் சரிவாக்கி வைத்திருக்கிறேன். அதில் இடுப்பு ஏற்கெனவே மேலே இருப்பதால் கைக்குப் பாரம் குறைவு, கரணம் பாதி தானாகவே வந்துவிடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையை வைத்து, விழாமல் உருளச் சொல். உச்சந்தலை தரையில் படாது. "தலையை உள்ளே வை, உள்ளே வை" என்று நீ தொண்டை கிழியக் கத்துவாயே, அந்த வேலையைக் கைக்குட்டை பார்த்துக்கொள்ளும். எந்த வழி என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், நான் சொல்வதில்லை. உடம்பு பூசினாற்போல் இருக்கும் ஒரு பெண், எப்போதும் எல்லாருடைய வளையலையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறவள், சரிவில் உருண்டு எழுந்து யாரும் கூப்பிடாமலே மறுபடி போய் நின்றாள்.

போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்பாய். அவர்களுக்கு வேறு கணக்கு: புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருத்தியோடு சேர்ந்து ஒரு நிற்றல், ஒரு உருளல், ஒரு தாவல் கோக்க வேண்டும், இருவரும் ஒரே நொடியில் முடிக்க வேண்டும். தனியாகப் பல்டி அடிப்பதைவிட இது கஷ்டம்.

இனிதான் நான் சொல்ல வந்ததே. போன வாரம் எட்டாம் வகுப்புக்கு, உடம்பில் இரண்டே இடம்தான் ஊன்றியிருக்கலாம், நான் மூன்று எண்ணும்வரை அசையாதீர்கள் என்றேன். ஊன்றுகோலோடு நடக்கும் பெண் ஒருத்தி, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே போய், பெஞ்சுக்கு ஒன்றாக இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பையே தூக்கி நிறுத்திவிட்டாள். நான் எண்ணி முடித்த பிறகும் இறங்கவில்லை. கோலூன்றி நடந்து அந்தக் கைகளுக்கு அப்படி ஒரு பலம். மாவட்டப் போட்டிக்குப் போகிறவளே வந்து "எனக்கும் சொல்லித் தா" என்றாள். இத்தனை நாள் அவளிடம் "நீ உட்காரும்மா" என்று எத்தனை பேர் அன்பாகச் சொல்லியிருப்பார்கள்! நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் கதையை வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். அகர்தலாக்காரி, தட்டைப் பாதம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடி வந்து மேடையில் கை ஊன்றித் தாவும் வால்ட்டில் நாலாவது இடம்; வெண்கலம் 0.15 புள்ளியில் போனது. பிள்ளைகளுக்குக் கண் விரிகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஜிம்னாஸ்ட்ராடா என்கிற உலக ஜிம்னாஸ்டிக்ஸ் திருவிழா. 1953இல் ராட்டர்டாமில் தொடங்கியது, நாலு வருடத்துக்கு ஒருமுறை, 2023இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள், பாட்டி தாத்தாக்கள்கூட. மதிப்பெண் கிடையாது, பதக்கம் கிடையாது. செய்து காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ரியோவுக்குப் போகப் போகிறார்கள்? ஆனால் எல்லாருக்கும் அறுபது வயதிலும் தரையில் உட்கார்ந்து எழ முடிய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதே. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை உன் வகுப்பில் இருந்தால், டாக்டர் பார்த்துச் சொல்லாமல் கரணம், தலைகீழ் எதையும் தராதே. சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையில் பிடிப்பு குறைவாக இருக்கும். கழுத்து மடங்கினால் தண்டுவடத்துக்கு ஆபத்து. எங்களிடம் ஆறாம் வகுப்பில் ஒரு குழந்தை இருக்கிறாள். இப்போதைக்கு அவளுக்கு ரிப்பனும், தரையில் போட்ட கயிற்றின் மேல் நடையும்தான். ரிப்பனை அவள் கையிலிருந்து வாங்குவதற்குள் அடுத்த பீரியட் வந்துவிடுகிறது.

உடை விஷயமும் இருக்கிறது. சுடிதார் டாப்போடு பெண் பிள்ளையைத் தலைகீழாக நில் என்றால் வயிற்றுவலி வராமல் என்ன வரும்? டிராக் பேண்ட்டும் உள்ளே செருகிய டீ ஷர்ட்டும் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் நின்று வாங்கினேன். மெத்தைகளையும் ஆண் பிள்ளைகள் வகுப்பு ஜன்னல் பக்கத்திலிருந்து கட்டிடத்தின் பின்புறத்துக்கு மாற்றினேன். நீ முதலில் இதைச் செய். பாதி வயிற்றுவலி அன்றைக்கே தீரும்.

ஆண்டு விழாவுக்கு ஐந்தடுக்குப் பிரமிட் கேட்கிறார்கள். கனமான பிள்ளை எப்போதும் அடியில், வருடா வருடம் அடியில். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது.

கணக்கு டீச்சர் உன் பீரியடைக் கேட்டால் இந்த முறையாவது கொடுக்காதே. உங்கள் ஸ்டோரில் பழைய ஹூலா ஹூப் வளையங்கள் மிச்சம் இருந்தால், உடைந்ததானாலும் சரி, பஸ்ஸில் ஏற்றிவிடு. நான் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்
கௌரி