நன்றி மடல்: கற்சிலைமடுவில் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பு உறவுகளே,

ஓகஸ்ட் 25, வன்னியை ஆண்ட மாவீரன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாள். 1803இல் வெள்ளைக்காரனை அங்கிருந்து துரத்தியவனுக்கு இந்த முறையும் முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் மாலை போட்டோம். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் நடுகல் நட்டுவித்த ஊர் இது. வென்றவன் தன் பெயரைப் பொறித்து வைத்த மண்ணில், தோற்றவனுக்குத்தான் ஆண்டுதோறும் பொங்கல். எங்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

மேடையில் பெயர் சொல்லி நன்றி கூறப்பட்டவர்களுக்கு அதுவே போதும். சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

சிலையடியில் மூன்று நாள் பற்றை வெட்டிய இளைஞர்களுக்கும், புழுதி அடங்கத் தண்ணீர் பவுசர் அனுப்பியவருக்கும், பந்தலுக்குக் கிடுகு தந்த வீடுகளுக்கும் நன்றி. விடியற்புறம் கிடாரம் ஏற்றிய அம்மாமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விறகு ஈரம், புகையோ கண்ணைத் திறக்கவிடவில்லை. ஆனாலும் எட்டு மணிக்குப் புக்கை இறங்கிவிட்டது.

சோழகக் காற்று அன்று சும்மா இருக்கவில்லை. சுடர் ஏற்ற ஏற்ற அணைந்தது. பெரியவர்கள் நாங்கள் கையால் மறைத்து நின்று தடுமாற, ஒரு பொடியன் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிவந்து திரியைச் சுற்றி வைத்தான். பிறகு அது அணையவே இல்லை. ஆரென்று கேட்பதற்குள் ஆள் ஓடிவிட்டான்.

அழைத்த விருந்தினர் ஒருவர் வரப் பிந்தியதால் பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வெயிலில் நிற்க நேர்ந்தது. எங்களைக் கேட்காமலே அவர்களைப் புளியமரத்தடியில் இருத்தி மோர் கொடுத்த ரீச்சருக்குக் கோடி நன்றி. விருந்தினர் வந்ததும் பிள்ளைகளை உடனே எழுப்ப மறுத்ததற்கு இன்னும் ஒரு நன்றி. அடுத்த முறை யாருக்காகவும் காத்திராமல் குறித்த நேரத்துக்கே தொடங்குவோம். பேச்சுகளையும் குறைப்போம், சில பேச்சுகள் கோட்டை பிடித்த நேரத்தைவிட நீண்டுவிட்டன.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய உறவுகளுக்கும் நன்றி. கணக்கு சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இரண்டு கிடாரமும் ஒரு பெரிய அகப்பையும் எங்களிடம் நிற்கின்றன. உரியவர்கள் பின்னேரத்தில் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்